காயலான் கடையில் எடுக்காத பந்து

டென்னிஸ் பந்து தேய்ந்து சாவதில்லை, காற்று போய்ச் சாகிறது. டப்பாவின் மூடியை இழுக்கும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதிலிருந்து அதற்குக் கணக்கு ஆரம்பம். பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரப்பர் பார்க்கத்தான் கெட்டி. காற்றை அது மெல்லக் கசியவிட்டுக்கொண்டேதான் இருக்கும். அடித்தாலும் கசியும், அடிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் கசியும். டப்பாவுக்குள்ளும் அதே அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்திருப்பதால்தான் கடையில் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கிறது. திறந்து சில வாரம் ஆனால் ஆடுபவர்கள் அதைக் கையில் அழுத்திப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ரப்பர் அப்படியே இருக்கிறது, மேலே ஒட்டிய துணியும் பெரும்பாலும் இருக்கிறது, தராசில் வைத்தால் எடையிலும் பெரிய மாற்றம் தெரியாது. ஆனாலும் அது செத்த பந்து.

உலகத்தில் ஓர் ஆண்டில் தயாராகும் டென்னிஸ் பந்துகள் சுமார் 33 கோடி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு பந்து 56 கிராமிலிருந்து 59.4 கிராம்வரை இருக்கலாம். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 19,000 டன் வருகிறது. காற்று போன ஒரே குற்றத்துக்காகக் குப்பைக்குப் போகிற நல்ல ரப்பர்தான் அதில் பெரும்பகுதி. இது என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பந்தின் இரண்டு முனையும் எனக்குப் பழக்கம். சொந்த ஊர் குலசேகரம் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். பிழைப்பு சென்னையில், இங்கே காலையில் நான் ஆடப்போகும் இடத்தில் செத்த பந்துகள் மூட்டை கட்டிக் கிடக்கின்றன.

முதல் முனையிலிருந்து வருகிறேன். ரப்பர் மரம் நட்டு ஏழு வருஷம் போல ஆனால்தான் வெட்டத் தொடங்கலாம். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள், வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். பட்டையில் சரிவாக ஒரு மெல்லிய சீவல். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது, அந்தக் கணக்கு கையில்தான் இருக்கிறது, சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்து, புகையில் போட்டுக் காயவைத்தால் விற்கத் தயார். வெட்டின இடத்திலேயே காய்ந்து ஒட்டிக்கிடப்பது ஒட்டுப்பால், அதற்குத் தனி விலை. நாங்கள் சின்ன வயதில் அந்த ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்வோம். ஒரு தடவை தரையில் அறைந்தால் வீட்டு ஓட்டைத் தாண்டிப் போகும், அப்படி எழும்பும். ஆனால் வெயிலில் வைத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், நாளடைவில் உருவமும் கெட்டுவிடும்.

பச்சை ரப்பரின் குணமே அதுதான். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அந்தப் பிசுபிசுப்பு போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது, அதனால் இழுத்தால் பழைய நிலைக்கே திரும்பும், வெயிலுக்கு இளகாது. வல்கனைசிங் என்று நம் ஊர் பஞ்சர் கடைப் போர்டுகளில் எழுதியிருப்பது இந்த வேலையைத்தான். இந்த முடிச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பந்தின் சாவில் திரும்ப வரும்.

அப்புறம் ஒரு பத்தாண்டுக்குள் நடந்த மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1874-இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்குகிறார். உள்ளீடற்ற ரப்பர் பந்து இருந்ததால்தான் அந்த ஆட்டமே புல்லில் சாத்தியமானது, அதற்கு முன்னால் அரண்மனைகளில் ஆடிய பழைய டென்னிஸில் துணி, மயிர், கம்பளி திணித்த பந்துகள், அவை புல்லில் எழும்பாது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார், முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போகிறது, அப்புறம் கொஞ்சம் சிங்கப்பூருக்கு. 1877-இல் முதல் விம்பிள்டன். ஆட்டமும் மரமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கப்பலேறியிருக்கின்றன. மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் போட்டபோது அங்கே மரம் சீவப் போனவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள், தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று கங்காணிகள் திரட்டிக்கொண்டு போய், நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, பினாங்கில் இறக்கிய கூட்டம். அவர்கள் வடித்த பால் டயராக, குழாயாக, பூட்ஸாகப் போனது. பந்தாகவும்.

இன்றைக்கும் மலேசிய ரப்பர் பந்துக்குள் போகிறது. 2014-இல் இங்கிலாந்தின் வார்விக் பிசினஸ் ஸ்கூலில் ஒரு கணக்குப் போட்டார்கள்: விம்பிள்டனில் ஆடும் ஸ்லேசஞ்சர் பந்து ஒன்றுக்கான பொருள்கள் எங்கெங்கிருந்து வந்து சேருகின்றன என்று. மொத்தம் 50,570 மைல் வந்தது, கிலோமீட்டரில் 81,000-க்கு மேல், பூமியை இரண்டு சுற்றுச் சுற்றும் தூரம். களிமண் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவிலிருந்து, சிலிக்கா கிரேக்கத்திலிருந்து, மெக்னீசியம் கார்பனேட் ஜப்பானிலிருந்து, துத்தநாக ஆக்சைடு தாய்லாந்திலிருந்து, கந்தகம் தென்கொரியாவிலிருந்து, ரப்பர் மலேசியாவிலிருந்து. எல்லாம் போய்ச் சேரும் இடம் பிலிப்பைன்ஸில் பத்தான் என்ற மாகாணம். முன்பு இந்தத் தொழிற்சாலை இங்கிலாந்திலேயே பார்ன்ஸ்லியில் இருந்தது, 2000-களின் தொடக்கத்தில் செலவு குறைக்க இங்கே மாற்றினார்கள்.

இதில் கம்பளியின் பாடுதான் பெரிய பாடு. நியூசிலாந்து ஆட்டின் ரோமம் முதலில் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் என்ற சிறு நகரத்துக்குப் போகிறது, அங்கே நைலானோடு கலந்து துணியாகிறது, அந்தத் துணி திரும்ப ஆசியாவுக்கு வந்து பத்தானில் பந்தின்மேல் ஒட்டப்பட்டு, மறுபடி லண்டனுக்குப் போகிறது. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் ஸ்ட்ரௌட் நூற்றாண்டுகளாகக் கம்பளித் துணிக்குப் பேர்போன இடம், பந்துக்கு வேண்டிய பதத்தில், சீரான புசுபுசுப்போடு துணி நெய்யும் கைத்தேர்ச்சி அங்கே இருக்கிறது. பந்தின் வேகம், சுழற்சி, காற்றில் எவ்வளவு தடைபடும் என்பதெல்லாம் அந்த ரோமத்தில்தான் இருப்பதால் அதில் அவர்கள் சமரசம் செய்துகொள்வதில்லை.

செய்யும் முறை கேட்க எளிது. ரப்பரைப் பிசைந்து பொடிகளைக் கலந்து துண்டுகளாக வெட்டி, சூடான அச்சில் அழுத்தினால் அரைக்கோளங்கள் கிடைக்கும். ஓரத்துப் பிசிறைச் சீவி, விளிம்பைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அழுத்தக் காற்று நிரம்பிய அறைக்குள் இரண்டு பாதியையும் சேர்த்து மூடினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. மேலே இரண்டு துண்டுத் துணி, ஒவ்வொன்றும் நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகன்ற வடிவம், ஒன்றை ஒன்று கவ்வுகிற மாதிரி. பந்தில் தெரியும் அந்த வெள்ளை வளைகோடு தையல் இல்லை, பசை. கடைசியில் நீராவி காட்டி ரோமத்தை எழுப்பிவிட்டு, முத்திரை குத்தி, டப்பாவில் போட்டு, டப்பாவுக்கும் காற்றடித்து மூடுகிறார்கள். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டால் 135-க்கும் 147-க்கும் நடுவில் எழும்ப வேண்டும். எழும்பினால் பாஸ்.

மஞ்சள் நிறம் ரொம்பப் பிந்தியது. கலர் டிவியில் வெள்ளைப் பந்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று 1972-இல் மஞ்சளை அனுமதித்தார்கள், விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு தூரம் வந்த பந்து எவ்வளவு நேரம் ஆடுகிறது? பெரிய போட்டிகளில் ஆறு பந்துகளை எடுத்துக்கொண்டு தொடங்குவார்கள், முதல் ஏழு கேம் முடிந்ததும் ஆறையும் மாற்றுவார்கள், அப்புறம் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும். ஒரு தொகுதிப் பந்துக்கு அரை மணி, முக்கால் மணி, அதையும் ஆறு பந்துகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விம்பிள்டனில் அந்த இரண்டு வாரத்துக்குச் சுமார் 55,000 பந்துகள் செலவாகின்றன. வெளியே எடுக்கும்வரை 20 டிகிரி குளிரில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை உபசாரம்தான். ஆடி முடித்ததை மைதானத்திலேயே ரசிகர்களுக்கு விற்கிறார்கள். 2001-இல் ஒரு தொகுதிப் பந்துகளில் சின்ன ஓட்டை போட்டுக் கழியில் செருகி, வயல் எலிகளுக்குக் கூடாக வைத்தார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல படம் கிடைத்தது. எலிகள் எத்தனை இருந்தாலும் 33 கோடிக்கு ஈடுகொடுக்காது என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் கதை தலைகீழ். இங்கே டென்னிஸ் பந்தைத் தொட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது. தெருவில் ஆட லெதர் பந்து ஆபத்து, கார்க் பந்து அதைவிட ஆபத்து, பிளாஸ்டிக் பந்து காற்றில் அலையும், அதனால் டென்னிஸ் பந்து. சென்னைக்கு வந்த புதிதில் எங்கள் தெருப் பையன்கள் பக்கத்துக் கிளப்பில் மார்க்கராக, அதாவது உறுப்பினர்களோடு ஆடிப் பழக்கிவிடுபவராக, இருந்த அண்ணனிடம் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், "அண்ணா, பழசு இருந்தா குடுங்கண்ணா" என்று. டென்னிஸ்காரர்கள் செத்துவிட்டது என்று கழித்த பந்துதான் தெரு கிரிக்கெட்டுக்குத் தோது, புதுப் பந்து தார் ரோட்டில் தலைக்கு மேலே எகிறும். காற்று கொஞ்சம் இறங்கினால்தான் மட்டைக்கு நிற்கும்.

தெருவில் அது சாகும் விதமும் வேறு. முதலில் ரோமம் போய் மொட்டையாகும். மொட்டைப் பந்து வழுக்கிக்கொண்டு வரும், பவுலருக்குக் கொண்டாட்டம். அப்புறம் சாக்கடையில் விழும், குச்சியால் எடுத்துக் குழாயடியில் காட்டித் திரும்ப ஆட்டம். நனைந்த பந்தில் ஒரு லாபம் உண்டு: கரியால் சுவரில் வரைந்த ஸ்டம்பில் பட்டால் ஈரத்தடம் விழும், போல்டா இல்லையா என்று சண்டை வராது. பால்காரர் வீட்டு மொட்டைமாடியில் போய் உட்காரும், நாலு நாள் கழித்து அவர் மனம் இரங்கித் தூக்கிப் போடுவார். கடைசியில் அந்த வெள்ளைக் கோட்டு வழியாகவோ நடுவிலோ பிளந்து இரண்டாகும். அப்போதும் விடமாட்டார்கள், அரைப் பந்தை வைத்து ஒரு கை பார்ப்பார்கள். பத்தானில் இரண்டு பாதியாகப் பிறந்ததைத் திரும்ப இரண்டு பாதியாக ஆக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள்.

இந்த ஆட்டத்திலிருந்துதான் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் வந்தார். ஊர் ஊராக டென்னிஸ் பந்துப் போட்டிகளில் யார்க்கர் போட்டுப் பழகியவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். இப்போது போட்டிகளில் ஆடும் கனமான டென்னிஸ் பந்து தனி ரகம், கிரிக்கெட்டுக்கென்றே செய்வது. டென்னிஸ் மைதானத்தில் அதைக் கொண்டுபோய் அடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஆக, தூக்கிப் போடுவது என்ற கட்டத்தைத் தெருப் பையன்கள் முடிந்தவரை தள்ளிப் போடுகிறார்கள். ஆனால் கிளப்களும் பயிற்சி அகாடமிகளும் கழிக்கும் அளவுக்கு முன்னால் அது கொஞ்சம்தான். மீதி குப்பை லாரியில் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகிறது. மக்க 400 வருஷம் ஆகும் என்று இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கையில்லை, ரப்பர் டென்னிஸ் பந்து பிறந்தே 150 வருஷம்தான் ஆகிறது, எதை வைத்து 400 என்கிறார்கள்? ஆனால் வெகுகாலம் கிடக்கும் என்பதில் சந்தேகமில்லை. எரித்தால் கந்தக நாற்றம்.

உருக்கித் திரும்பச் செய்யலாமே என்று கேட்கலாம். அங்கேதான் குட்இயரின் முடிச்சு குறுக்கே வருகிறது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கலாம், கந்தகத்தால் முடிச்சுப் போட்ட ரப்பர் உருகாது, கருகும். சுட்ட தோசையைத் திரும்ப மாவாக்க முடியாத கதைதான். அரைத்துத் தூளாக்கலாம், அவ்வளவே. அதற்கும் முன்னால் துணியைப் பிரிக்க வேண்டும், அது பெயர்ந்து வரக்கூடாது என்பதற்காகவே ஆயிரம் அடிக்குத் தாங்குகிற பசையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பந்து எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதைப் பிரிப்பது கஷ்டம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 2016-இல் தொடங்கிய ரீசைக்கிள்பால்ஸ் என்ற அமைப்பு கிளப்களில் பெட்டி வைத்துப் பந்து சேகரித்து, இயந்திரத்தில் துணியையும் ரப்பரையும் பிரித்து, அந்தத் தூளை மைதானத் தளத்துக்கும் குதிரை ஓடும் தரைக்கும் கொடுக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் விளையாட்டுத் தரத்தில் இருந்த ரப்பர் கடைசியில் தரைக்கு அடியில் போகிறது, புதுப் பந்துக்குப் புதுப் பால்தான் வடிக்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால் மறுசுழற்சியைவிட முக்கியமானது பந்தைச் சாகவிடாமல் வைப்பது. வழி இல்லாமல் இல்லை. காற்றே அடைக்காமல், சுவரைத் தடிமனாக்கி, ரப்பரின் துள்ளலிலேயே எழும்பும் பந்துகள் பல காலமாக இருக்கின்றன, ஸ்வீடனின் டிரெட்டார்ன் அதில் பெயர்பெற்றது. காற்று இல்லாததால் காற்று போவதும் இல்லை, ரோமம் தேயும்வரை ஆடலாம். ஆனால் கையில் கல்லைப் போல இருக்கிறது, முழங்கை வலிக்கிறது என்று ஆட்டக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இறங்கிய பந்தைப் போட்டு மூடி, சைக்கிள் பம்பில் காற்றடித்து வைக்கும் குழாய்களும் வந்திருக்கின்றன, சில நாள் வைத்தால் வெளிக்காற்று பந்துக்குள் புகுந்து ஓரளவு உயிர் வருகிறது. நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வேலை செய்கிறது. உலகத் தரத்தில் ஆடுபவர்களுக்கு வித்தியாசம் தெரியலாம், ஒத்துக்கொள்கிறேன். காலை ஆறு மணிக்கு எங்கள் கோர்ட்டில் ஆடும் நாலு அங்கிள்களில் மூன்று பேர் பந்தை வலையில்தான் அடிக்கிறார்கள், வலைக்குப் பந்து புதுசா பழசா என்று தெரியாது. ஆனாலும் புது டப்பா திறந்தால்தான் ஆட்டம் என்று ஒரு பெருமை.

போன வருஷம் வீட்டை ஒழித்தபோது பழைய பந்துகளையும் டப்பாக்களையும் ஒரு கோணியில் கட்டித் தெருமுனைக் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். பால் கவர் முதல் பழைய கிரைண்டர் வரை எதையும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர். கோணியைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "டப்பா எடுத்துக்கறேன் சார், இந்த அலுமினிய மூடியும் ஓகே. பந்த வெச்சு நான் இன்னா பண்றது?" என்றார். நியாயம்தான், வாங்கிக்கொள்ள அவருக்கு அடுத்த ஆள் இல்லை. டயருக்கு உண்டு. 2022 முதல் டயர் செய்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று இங்கே விதியே வந்துவிட்டது, டயர்த் தூள் தார் ரோட்டுக்குப் போகிறது, பாய்க்குப் போகிறது. பந்தும் அதே கந்தகம் போட்ட ரப்பர்தான், ஆனால் அந்த விதி டயரோடு நின்றுவிட்டது. துணியைப் பிரிக்க ஒரு ஆள், சேர்த்துக் கொடுக்க நாலு கிளப், இது இருந்தால் அரைக்கிற ஆலைக்கு எந்தத் தூளாக இருந்தால் என்ன?

இதற்கிடையில் நாற்காலிக் கால் தரையைக் கீறாமல் இருக்கப் பந்தில் சிலுவை போலக் கீறி மாட்டுகிறார்கள், பக்கத்துப் பள்ளி ஒன்று ஒரு மூட்டையை அதற்காகவே வாங்கிக்கொண்டது. நாய்க்குக் கொடுக்காதீர்கள், அந்த ரோமத்தைக் கடித்துக் கடித்துப் பல் தேயும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் கிளப்பில் மூன்று விஷயம் கேட்டேன். ஒரு டிரம் வைத்துப் பழைய பந்தைச் சேர்ப்பது, மாதக் கடைசியில் தெருப் பையன்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுப்பது, வார நாள் ஆட்டத்துக்குக் குழாயில் வைத்துக் காற்றேற்றிய பந்தை ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது. பொறுப்பில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கமிட்டியில வெக்கணும் சார், ஒரு லெட்டரா எழுதிக் குடுத்துடுங்க" என்றார். கொடுத்திருக்கிறேன். அடுத்த மீட்டிங் பொங்கலுக்கு அப்புறமாம்.